கேம் வாங்கும் முன் ஒரு கொப்பித் தாள் கணக்கு

"மாமா, உங்கட கார்ட்ல ஒரு கேம் எடுத்துத் தாங்களன். காசு பிறகு தாறன்."

மட்டக்களப்புக் கல்லடியில் தங்கச்சி வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மருமகன் ஃபோனை நீட்டினான். 69.99 டாலர். ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ட் வரும்வரை வீட்டில் நிற்கிற பொடியன். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "கொப்பியும் பேனையும் எடுத்து வா மனே" என்றேன். அன்று அந்தத் தாளில் நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். கேம் வாங்க யோசிக்கிற வேறு யாருக்காவதும் உதவும்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் கார்ட் மட்டுமில்லை. 2003 முதல் 2009 வரை திருமலை வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில் கேம் கடை வைத்திருந்தவன் நான். இரண்டு பிளேஸ்டேஷன், மூன்று கொம்பியூட்டர், ஒரு மின்விசிறி. மணித்தியாலத்துக்கு 40 ரூபா. கண்ணாடி அலுமாரிக்குள் சிடி 100 ரூபா, டிவிடி 150 ரூபா. எல்லாம் கள்ளக் கொப்பி. அப்போது அதைக் கள்ளம் என்று யாரும் சொன்னதில்லை.

முதலில் ரூபாவில் எழுதுங்கள், ஆனால் அழாதீர்கள்

69.99 டாலர், டாலர் 300 ரூபாவைச் சுற்றி நிற்கும்போது, ஏறத்தாழ 21,000 ரூபா. வங்கி எடுக்கும் மாற்று வீதம் செய்தியில் வாசிக்கும் வீதத்தைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். ஆகவே மேலே ஒரு ஆயிரத்தைச் சேர்த்து எழுதுங்கள். பழைய கார்ட் கூற்று ஒன்றை எடுத்துப் பார்த்தால் உங்கள் வங்கி எவ்வளவு கூட எடுக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு பிழை விடுகிறார்கள். யூடியூபில் அமெரிக்கர் ஒருவர் வந்து, "1990-ல் நின்டெண்டோ கசட் 50 டாலர், அது இன்றைக்கு 120 டாலருக்குச் சமம், அதனால் கேம் மலிந்துதான் இருக்கிறது" என்பார். அவருடைய ஊரில் அது சரி. எக்ஸ்பொக்ஸ் 360 வந்த 2005-ல் பெரிய கேம்களின் விலை 60 டாலர் ஆனது. பதினைந்து வருடம் கழித்து, 2020-ல் பிளேஸ்டேஷன் 5 வரும்போதுதான் 70 ஆனது. 2025-ல் மரியோ கார்ட் வேர்ல்ட் 80-க்கு வந்தது. அரிசி விலையோடு ஒப்பிட்டால் இது மெதுவான ஏற்றம்.

நம்மவர்கள் அதற்குப் பதில் சொல்லும்போது டாலரைக் காட்டுவார்கள். 2006-ல் ஒரு டாலர் 104 ரூபா அளவில் நின்றது, 60 டாலர் கேம் 6,200 ரூபா. இன்று 21,000, மூன்று மடங்குக்கு மேல் என்பார்கள். இதுவும் அரைக் கணக்குத்தான். அந்த 6,200-ஐ மட்டக்களப்பில் யார் கட்டினார்கள்? என் கடைக்கு வந்த ஒருவரும் கட்டவில்லை, நானும் கட்டவில்லை. நம்முடைய பழைய விலை 60 டாலர் இல்லை, 150 ரூபா. அந்த 150-ஐ மனதில் வைத்துக்கொண்டு 21,000-ஐப் பார்க்கிறதாலேதான் நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே பழைய விலையை விட்டுவிடுங்கள். உங்கள் ஒரு நாள் வருமானம் எவ்வளவு, இந்த கேம் எத்தனை நாள் உழைப்பு என்று மட்டும் எழுதுங்கள். மருமகனுக்கு வருமானம் இல்லை. ஆரையம்பதியில் தகப்பனின் கடையில் நின்றால் ஒரு நாளைக்கு 1,500 கொடுப்பார். 22,000-க்குப் பதினைந்து நாள் நிற்க வேண்டும். அந்த எண்ணை எழுதியதும் அவன் பேனையை வைத்துவிட்டான். கணக்கு இன்னும் முடியவில்லை என்றேன்.

எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள்

இதுதான் பெரிய வேலை. இதைச் செய்யாமல் விலையைப் பற்றிப் பேசுவது வீண்.

நான் பொடியனாக இருக்கும்போது வீட்டில் ஒரு டிவி கேம் இருந்தது. கசட்டின் மேல் "9999 இன் 1" என்று அச்சடித்திருந்தது. உள்ளே மரியோ, கொன்ட்ரா, டாங்கி அடிக்கிறது, இன்னும் நாலைந்து. அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கசட்டைக் கழற்றி, அடியில் வாயை வைத்து ஊதி, திரும்பக் குத்துவோம். ஊதியதால்தான் வேலை செய்கிறது என்று சத்தியம் பண்ணுவோம். உண்மையில் கழற்றிக் குத்தியதுதான் காரணம். ஊதினால் எச்சில் ஈரம் பட்டுப் பித்தளை நிறப் பற்கள் கறுத்ததுதான் மிச்சம்.

அந்த மரியோ முழுவதும் 40 கிலோபைட். இன்று ஒரு வாட்ஸ்அப் படம் அதைவிடப் பெரிது. கொன்ட்ராவை நன்றாகத் தெரிந்தவர் அரை மணித்தியாலத்தில் முடித்துவிடலாம். ஆனால் மூன்று உயிர்தான் தருவான். அதனால் நாங்கள் இரண்டு வருடம் விளையாடினோம். மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று அடித்தால் முப்பது உயிர் என்பது பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே எங்களுக்குப் பாடம். சின்ன கேமைக் கடினமாக்கி நீட்டினார்கள், நாங்கள் நீளம் என்று நம்பினோம். குற்றம் குறை இருந்தால் அது அப்படியே இருக்கும். கசட்டுக்குள் போன பிறகு திருத்த வழியில்லை. யாரும் கோபப்பட்டதும் இல்லை.

இப்போது எதிர்பார்ப்பு நேரெதிர். கேம் நீளமாக இருக்க வேண்டும், படம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், மாதா மாதம் புதிதாக ஏதாவது வர வேண்டும், பிழை இருந்தால் அடுத்த கிழமை திருத்த வேண்டும். 21,000 கட்டுகிறவன் கேட்கத்தான் வேண்டும், அதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரும் கேட்கிறார்கள் என்பதற்காக நீங்களும் அதைக் கேட்கத் தேவையில்லை. தாளில் இரண்டே வரி எழுதுங்கள்: யாரோடு விளையாடப் போகிறேன்? கிழமையில் எத்தனை பின்னேரம்?

மருமகன் எழுதினான்: தனியாக. நாலு பின்னேரம். அவன் கேட்ட கேமில் பாதிக்கு மேல் இணையத்தில் மற்றவர்களோடு ஆடுகிற பகுதி. அதற்கு அவனிடம் கூட்டாளிகள் இல்லை, அவர்களெல்லாம் வேறு கேமில் நிற்கிறார்கள். அந்தப் பாதிக்கு இவன் ஏன் காசு கட்ட வேண்டும்?

மணித்தியாலத்துக்கு இத்தனை ரூபா என்று பிரித்துப் பார்ப்பவர்களும் உண்டு. நானும் ஒரு காலம் செய்தேன். அந்தக் கணக்கை முழுதாக நம்ப வேண்டாம். ஒரே வேலையை நூறு தரம் செய்ய வைத்து மணித்தியாலத்தைக் கூட்டுவது செய்கிறவர்களுக்குச் சுலபம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கணக்கில் ஊரிலேயே முதலிடம் கிரிக்கெட் 07-க்குத்தான். 2006 கடைசியில் வந்த கேம். அதற்குப் பிறகு அதைச் செய்த கம்பனி கிரிக்கெட் கேமே செய்யவில்லை. ரசிகர்களே வீரர்களின் பெயரையும் சட்டையையும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். என் கடையில் 150-க்கு வாங்கிய ஒரு ஏறாவூர்க்காரர், பத்து வருடம் கழித்துச் சந்தையில் என்னைக் கண்டு, "அது இன்னும் ஓடுது அண்ணன்" என்றார்.

பெயர்ப்பலகையைக் கழியுங்கள்

விலைப் பக்கத்தில் சாதாரணம், டீலக்ஸ், அல்டிமேட் என்று மூன்று இருக்கும். சாதாரணத்தை மட்டும் தாளில் எழுதி மற்ற இரண்டையும் வெட்டிவிடுங்கள். அவற்றில் கூடக் கிடைப்பது மூன்று நாள் முந்தி விளையாட விடுவது, உடுப்பு, வாள் நிறம். 2006-ல் ஒப்லிவியன் கேமில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்தது. இன்று குதிரைக் கவசம் மலிவான சாமான்.

இன்னொன்று. விலை பெரிதாக இருந்தால் கேம் பெரிது என்று நினைப்பதை 2025 நன்றாக உடைத்தது. ஜூனில் மரியோ கார்ட் 80 டாலர். அதற்கு முன் ஏப்ரலில் கிளேர் ஒப்ஸ்கியூர் 50. செப்டெம்பரில் வருடக்கணக்காகக் காத்திருந்த சில்க்சோங் 20. எண்பதுக்கு வரும் என்று அறிவித்த அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2, ஆட்களின் கூச்சலுக்குப் பிறகு எழுபதுக்கு இறங்கியது. ஒரு தனி மனிதர் செய்த ஸ்டார்டியூ வேலி 2016-ல் 15 டாலருக்கு வந்தது; 2024-லும் பெரிய சேர்க்கை ஒன்றைச் சும்மா கொடுத்தார். விலையை வைத்தவர் தன் செலவையும் ஆசையையும் பார்த்து வைத்திருக்கிறார். உங்கள் நாலு பின்னேரம் அவருக்குத் தெரியாது.

காலண்டரைப் பாருங்கள்

கொம்பியூட்டரில் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையைப் பாவிப்பவர் என்றால் ஜூன் கடைசியும் டிசம்பர் கடைசியும் பெரிய மலிவு விற்பனை. கேமை விஷ்லிஸ்ட்டில் போட்டுவிட்டால் விலை இறங்கும்போது மின்னஞ்சல் வரும். ஸ்டீம்டிபி என்ற தளத்தில் அந்த கேமின் பழைய விலைகள் கோடு கோடாக இருக்கும். முன்பு எவ்வளவுக்கு இறங்கியது என்று பார்த்து, அந்த எண்ணைத் தாளில் எழுதுங்கள். நின்டெண்டோ கேம்களுக்கு இந்த வித்தை அவ்வளவாகச் சரிவராது, அவர்கள் இலேசில் இறக்க மாட்டார்கள்.

ஸ்டீமில் இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான், பாகிஸ்தானுக்கு என்று தெற்காசிய டாலர் விலை ஒன்று உண்டு. சில கம்பனிகள் அதில் நன்றாகக் குறைத்துப் போடுகின்றன, சில போடுவதில்லை. ஆகவே யூடியூபில் கேட்ட விலையை நம்பாமல் உங்கள் கணக்கில் திறந்து பாருங்கள். எங்கள் தாளில் எழுதிய எழுபது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் கேட்டேன். அவன் யூடியூபில் பார்த்து எழுதியிருந்தான். திறந்து பார்த்தோம். பாழாய்ப்போன அதே எழுபதுதான். ஆனால் பக்கத்தில் அவன் ஆசைப்பட்ட இன்னொன்று பாதிக்கும் கீழே இருந்தது.

காத்திருப்பதில் இரட்டை இலாபம். சைபர்பங்க் 2077-ஐ எடுங்கள். 2020 டிசம்பர் 10 அன்று 60 டாலருக்கு வந்தது. பழைய பிளேஸ்டேஷன் 4-ல் அது விழுந்து விழுந்து எழும்பியது. ஒரு கிழமையில் சோனி தன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது, அடுத்த ஜூனில்தான் திரும்ப வைத்தது. 2023 செப்டெம்பரில் 2.0 திருத்தம் வந்த பிறகு மலிவு விற்பனையில் வாங்கியவர் பாதி விலைக்கு முழு கேமை விளையாடினார். முதல் நாள் வாங்கியவர் முழு விலைக்குப் பரிசோதகர் வேலை பார்த்தார். காத்திருக்கக் கூடாத ஒரே வகை, கூட்டாளிகள் எல்லாம் இப்போது விளையாடுகிற கேம். அவர்கள் போன பிறகு பாதி விலைக்கு வாங்கி யாரோடு விளையாடுவீர்கள்?

காத்திருக்க முடியாமல் குறுக்கு வழி தேடுவதும் உண்டு. நானே போனேன். ஓரிடத்தில் ஒரு கேமின் கீ, அதாவது கேமைத் திறக்கும் இரகசிய இலக்கம், மூன்றில் ஒரு விலைக்குக் கிடைத்தது. இரண்டு மாதம் ஓடியது, மறுகா ஒரு காலையில் கேமைக் காணவில்லை. விற்றவன் யாருடைய காசில் வாங்கினானோ தெரியாது. கடிதம் போட்டேன், பதில் இல்லை. கள்ளக் கொப்பி விற்ற எனக்கு இது தேவைதான் என்று மனைவி சொன்னாள்.

டேட்டாவும் விலைதான்

சான் அன்ட்ரியாஸ் ஒரு டிவிடிக்குள் அடங்கியது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். ஒருமுறை சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். சிப்பாய் ஒருவர் டிவிடிக்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, டோர்ச் வெளிச்சத்தில் அட்டைப் படங்களைப் பார்த்தார். எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. கடைசியில் அவர் கேட்டது கிரிக்கெட் கேம் இருக்கிறதா என்று.

இன்று பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி இடம் கேட்கிறது. உங்கள் மாத டேட்டா 100 ஜிபி என்றால், கேமின் விலைக்குப் பக்கத்தில் டேட்டாவின் விலையையும் எழுதுங்கள். இரவு நேர இலவச டேட்டா இருந்தால் அதற்கு எத்தனை இரவு என்று எழுதுங்கள். வன்தட்டில் இடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் அதுவும் ஒரு செலவு.

கூடவே ஒரு கேள்வி: இணையம் இல்லாவிட்டால் இது திறக்குமா? 2022-ல் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் போன நாட்களில் இதை நன்றாகப் படித்தோம். மடிக்கணினியில் பற்றரி இருக்கிறது, கேம் இருக்கிறது, ஆனால் வைஃபை பெட்டி செத்துக் கிடக்கிறது. தனியாக விளையாடுகிற கேமும் "இணைப்பு இல்லை" என்கிறது. இன்னும் மோசமானதும் நடந்திருக்கிறது. த க்ரூ என்ற கார் ஓட்டும் கேம் 2014-ல் வந்தது, 2024 மார்ச் கடைசியோடு அதன் சேர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஓட்டவும் முடியாது. காசு கொடுத்து வாங்கியவர்களிடம் வெறும் பெட்டிதான் மிச்சம். அந்தக் கோபத்தில் தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்ந்தது. என் கொப்பி டிவிடி கீறல் விழும்வரை ஓடியது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஆனால் உண்மை.

வாங்கியவுடன் மணிக்கூட்டைப் பாருங்கள்

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் கேட்காமல் காசைத் திருப்பித் தருவார்கள். இதைச் சரியாகப் பாவிக்கத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இறக்கி முடிந்ததும் நேரம் இருக்கிற நாளில் மட்டும் திறவுங்கள். ஃபோனில் 90 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். முதல் பதினைந்து நிமிடம் கதையைப் பார்க்க வேண்டாம்; படத்தின் தரத்தைக் குறைத்துக் கூட்டி, உங்கள் கொம்பியூட்டர் தாங்குகிறதா, விசிறி ஹெலிகொப்டர் மாதிரிக் கத்துகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு சண்டை, ஒரு நடை, ஒரு சேமிப்பு, ஒருமுறை மூடித் திறத்தல். அலாரம் அடித்ததும் கேமை மூடிவிட்டு யோசியுங்கள். திறந்து வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். நான் ஒருமுறை இடைநிறுத்திவிட்டு இடியப்பம் சாப்பிடப் போனேன். சாப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரரோடு கதைத்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடம். மடத்தனம் முழுக்க என்னுடையது, திருப்பிக் கேட்கவும் இல்லை. அந்த கேம் இன்னும் கிடக்கிறது.

சும்மா கேமுக்குத்தான் கொப்பி தேவை

"அப்ப காசே இல்லாத கேம் விளையாடுறன்" என்றான் மருமகன். சின்னவனைக் கூப்பிடு என்றேன். அவன் தம்பிக்குப் பதின்மூன்று வயது, ஃப்ரீ ஃபயர் பைத்தியம். மூன்று மாதமாக கேமுக்குள் செலவழிக்கும் டயமண்டுக்கு எத்தனை தரம் காசு போட்டாய் என்று கேட்டால் "ரெண்டு மூண்டு தரம்" என்றான். தாயின் ஃபோனில் வந்த செய்திகளை எண்ணினோம். 300 ரூபாப்படி 22 தரம், 1,000 ரூபாப்படி 7 தரம். 13,600 ரூபா. தங்கச்சி குசினியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதத் தேவையில்லை.

இலவச கேம் விளையாடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் கேமைத் தடுக்கும் முன் ஒரு கொப்பியைக் கொடுத்து ஒவ்வொரு தரமும் திகதியும் தொகையும் எழுதச் சொல்லுங்கள். என்ன வரும் என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்க வைக்கும் கேம் என்றால் அதற்கு ஒரு சதமும் வேண்டாம். பெல்ஜியத்தில் 2018-ல் அப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

உண்மையிலேயே சும்மா வேண்டுமென்றால் எபிக் என்ற இணைய கேம் கடை 2018 கடைசியிலிருந்து முழு கேம்களை இலவசமாகக் கொடுக்கிறது. 2020 மே மாதத்தில் ஜிடிஏ 5-ஐயே கொடுத்தது. கணக்குத் திறந்து கிழமைக்கு ஒருதரம் எட்டிப் பார்த்தால் போதும்.

தாள் நிறைந்தது. எழுபது டாலர் கேமுக்கு நேரே மருமகன் "டிசம்பர்" என்று எழுதினான், கீழே சில்க்சோங் என்று எழுதினான். அதைத்தான் என் கார்டில் எடுத்தோம். எழும்பப் போகும்போது ஒன்று கேட்டான்.

"மாமா, உங்கட 150 ரூபா டிவிடியில கேம் செய்தவனுக்கு எவ்வளவு போச்சுது?"

வெற்று டிவிடி, கவர் பிரிண்ட், பஸ் செலவு என்று மனதுக்குள் பிரித்துப் பார்த்தேன். செய்தவனுக்கு என்று ஒரு வரி அதில் இருந்ததே இல்லை. தேத்தண்ணீர்க் கோப்பையைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டு வந்தேன்.

போன டிசம்பர் விற்பனையில் மேக்ஸ் பெயின் வாங்கினேன். 2001-ல் வந்த முதலாவது பாகம். என் கடையில் அது அறுபது கொப்பியாவது போயிருக்கும். இப்போது ஒன்றுக்குக் காசு கட்டியாயிற்று. அதே நியூயோர்க், அதே பனி. மருமகன் பின்னால் நின்று ஐந்து நிமிடம் பார்த்தான்.

"மாமா, இந்தாளுக்கு முகமே அசையுதில்ல" என்றான்.